கண்ணாடி வயருக்குப் போட்ட குழாய்

எங்கள் மலையில் செல்போன் மலையாளம் பேசும். குரங்கணியைத் தாண்டி, ஜீப்பு மூச்சு வாங்கி நிற்கிற கடைசி வளைவையும் தாண்டி நடந்து ஏறினால்தான் எங்கள் குடியிருப்பு. தமிழ்நாட்டுப் பக்கத்து டவர் எதுவும் எங்களை எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால் மூணாறு பக்கத்து டவர் லேசாகத் தொடும். யாரையாவது கூப்பிட்டால் ஒருத்தி மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பல வருஷமாக அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள்கூடத் திருப்பித் திட்டினதில்லை. அவள்தான் எனக்கு மருமகளாக வந்திருக்க வேண்டும் என்று என் மருமகளிடமே சொல்வேன்.

"கட்டிக் கூட்டிட்டு வாங்க அத்தே. நான் பைய எடுத்துட்டுத் தேவாரம் போயிர்றேன்" என்பாள் அவள். தேவாரம் அவளுக்குப் பிறந்த ஊர்.

அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் என் மருமகள் வேலை பார்த்தாள்.

ஏன் பாறைக்குப் போனாள் என்று சொல்ல வேண்டுமானால் என் மகன் விழுந்ததில் இருந்து சொல்ல வேண்டும். அவன் ஏலத்தோட்டத்தில் மரம் ஏறுகிறவன். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், அதிகமாகவும் இருக்கக் கூடாது. அதனால் மழைக்கு முன்னால் பெரிய மரங்களில் ஏறிக் கிளையைக் கழித்துவிடுவார்கள். அப்படி ஏறியவன் ஒரு வருஷம் கிளையோடு சேர்ந்து கீழே வந்தான். போடி, தேனி, மதுரை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்விட்டுக் கடைசியில் வீட்டில் வந்து படுத்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். அவனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒரு ஆள் வேலை இல்லை. மருமகள் தோளைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடிக்க, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் திருப்புவோம்.

"மாவு பெசையிற மாதிரில பெசையிறீங்க" என்பான்.

"சின்னப் புள்ளையில பரோட்டா பரோட்டான்னு அழுதேல்ல. அதான் ஒன்னயவே போடுறோம், கம்முனு கெட" என்பேன்.

அப்போதெல்லாம் சிரிப்பான்.

மருமகள் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். மதுரையில் ஒரு கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில்லுகளைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்ப்யூட்டரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? விடிந்ததும் அவனைக் குளிப்பாட்டி, என் பேரப் புள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு, குடையையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஏறுவாள். மஞ்சு மூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும். காற்று அடித்தால் குடை போய்விடும். அவனைப் புரட்டுகிற நேரம் வந்தால் நான் கீழே நின்று தட்டைத் தட்டுவேன், இறங்கி ஓடி வருவாள்.

இப்படி அடிக்கடி காணாமல் போகிற ஆளைக் கம்பெனி எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? அங்கே அவளுக்கு மேலே இருந்த ஒரு பொம்பளை நல்லவள்தான். ஒருநாள் பாறையில் வைத்து அவள் போனில் பேசியது எனக்கும் கேட்டது.

"ஒங்க வேலையில குறையே இல்லம்மா. லைன்தான் குறை. ஆடி பொறக்குறதுக்குள்ள வீட்டுக்கு லைன் போட்ருங்க. இல்லேன்னா இங்க ஆபீசுக்கே வந்துருங்க, ஹாஸ்டல் பாத்துத் தர்றேன்."

மருமகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தச் சம்பளம்தான் வீட்டுக்குச் சோறும் அவனுக்கு மருந்தும். வேலையை விட முடியாது. வேலைக்காக மதுரைக்குப் போனால் அவனைப் புரட்ட ஆள் இல்லை. லைன் வந்தால் அவள் வீட்டில் இருப்பாள், வராவிட்டால் போவாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கணக்கு இதுதான்.

அந்த நேரம் பார்த்து, சாமி வரம் கொடுத்த மாதிரி, தை மாதம் ஒரு ஆபீசர் மலை ஏறி வந்தார். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் இன்டர்நெட்டைக் கொண்டு போவதற்கென்றே மாநில அரசாங்கத்தில் ஒரு ஆபீஸ் இருக்கிறதாம். அதிலிருந்து வந்தவர். சின்ன வயசு. ஏறி வந்த களைப்பில் பேச்சே வரவில்லை. எங்கள் குடியிருப்புக்கு மேலே, ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்து வராண்டாவில் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"கண்ணாடியில நூல் மாதிரி ஒரு வயரு. முடி கனம்தான் இருக்கும். அதுக்குள்ள வெளிச்சம் போகும். அந்த வெளிச்சத்துலதான் இன்டர்நெட்டு வரும்" என்று விளக்கினார்.

"முடி கனமா? முன்னாடியே சொல்லக் கூடாதா அப்பு? சேத்து வச்சிருந்த சிக்கு முடிய எல்லாம் போன வாரந்தான் பாத்திரக்காரன்கிட்ட போட்டேன்" என்றேன்.

வராண்டாவே சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். எனக்குக் கொழுந்தன் முறை. மலையில் யார் வீட்டுக்குத் தண்ணீர் ஓஸ் இழுக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"சார், அதுல தண்ணி வருமா?"

"தண்ணி வராதுங்கய்யா. இன்டர்நெட்டுதான் வரும்."

"அத வச்சு மூஞ்சி கழுவலாமா?"

"நீரு கழுவி யாரு பாக்கப் போறா, உக்காரும்" என்றேன் நான்.

மருமகள் மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "சார், எப்ப வரும்?"

"இப்பக் குழாய் பொதைக்கிறோம்மா. குழாய்க்குள்ளதான் வயர விடணும். பங்குனிக்குள்ள விட்டுருவோம். பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, வேணுங்கிற வீடுகளுக்கு ஒண்ணு. ஒங்க வீட்டுக்குத்தான் முதல்ல, போதுமா?"

அவள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

சொன்னபடியே குழாய் வந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் குரங்கணியில் ஆரம்பித்துப் பாதையோரமாகவே, எங்கள் வீடுகளுக்கு முன்னால் வழியாக, மேலே பள்ளிக்கூடம் வரைக்கும் கறுப்புக் குழாயைப் போட்டார்கள். மண் இருந்த இடத்தில் புதைத்தார்கள். பாறை வந்த இடத்தில் மேலேயே கிடத்திக் கல்லை அண்டக் கொடுத்தார்கள். வயருக்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

வயர் வரவில்லை. மருமகள் பாறையில் இருந்து ஆபீசருக்குப் போன் போட்டாள். குரங்கணிக்குக் கீழே காட்டுக்குள் கொஞ்ச தூரம் குழி தோண்டக் காட்டு இலாகா கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிடுவார்களாம். மாசி போனது. பங்குனியும் போனது. கையெழுத்துப் போடுகிறவர் கையில் என்ன சுளுக்கோ தெரியவில்லை.

எங்கள் மலையில் தண்ணீருக்கு ஒரு வழக்கம் உண்டு, அதை இங்கே சொல்லியாக வேண்டும். அவரவர் ஊற்றில் இருந்தோ ஓடையில் இருந்தோ கறுப்பு ஓஸ் இழுத்துத்தான் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வருவோம். காடு முழுக்கப் பாம்பு மாதிரி ஓசாகக் கிடக்கும். தண்ணீர் ஓடுகிற ஓஸை எவனும் தொட மாட்டான். தொட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும். ஆனால் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஓடாமல் வெறுமனே கிடக்கிற ஓஸ் யாருக்கும் சொந்தமில்லை. அதில் எவன் தண்ணீர் விடுகிறானோ அவனுடையது. என் மாமியார் காலத்திலிருந்து இதுதான் சட்டம். அதற்காக ஒரு சண்டையும் வந்ததில்லை.

அந்தக் கோடை பொல்லாத கோடை. வீட்டுப் பக்கத்து ஊற்று வற்றிப் போனது. இருந்த ஓசுகளைத் தண்ணீர் வாடைக்குக் குரங்கு கடித்தது, காட்டுமாடு மிதித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஓடையில் ஒரு மடுவில் மட்டும்தான் தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பொம்பளைகளும் அங்கேதான். படுக்கையில் கிடக்கிற ஆள் உள்ள வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். துணி மட்டுமே மலை மாதிரி சேரும். மருமகள் பாறையில் இருந்து இறங்கி வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறுவாள். மறுநாள் கம்ப்யூட்டரில் கை வைத்தால் விரல் விறைத்துக்கொள்கிறது என்றாள்.

அப்போதுதான் ஒருநாள் மடுவுக்குப் பக்கத்தில் கிடந்த குழாயின் வாயைக் கொழுந்தனார் பார்த்தார். மூடியைக் குரங்கு பிடுங்கிப் போட்டிருந்தது. உள்ளே ஊதிப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில், ஆட்கள் குழாயைச் சேர்த்திருந்த இணைப்புக்குப் பக்கத்தில் நான் காதை வைத்தேன். காற்று வந்தது.

சாயந்திரம் எல்லாரும் கூடினார்கள். பேச வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கோடை முழுக்கச் சும்மா கிடக்கிறது. வேறென்ன பேச்சு?

மருமகள்தான் குறுக்கே வந்தாள். "சின்ன மாமா, அது ஓசு இல்ல. வயரு போற குழாயி. அத அறுத்தா வயர விட முடியாது."

"வயரு வர்ற அன்னைக்கு நானே சேத்து ஒட்டித் தந்துர்றேன் தாயி. நான் ஒட்டுன எடம் எங்கயாச்சும் ஒழுகியிருக்கா, சொல்லு?"

"ஒழுகுறதப் பத்தி இல்ல மாமா. அதுக்குள்ள மண்ணு போகக் கூடாது, தண்ணி போகக் கூடாது. கவர்மென்டு சாமான்."

"கவர்மென்டு வந்து கேட்டா நான் பதில் சொல்றேன். மூணு மாசமாச்சு, கேட்டுச்சா?" என்றார் அவர். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க அண்ணன் ஓசயே நான் எடுத்திருக்கேன். கவர்மென்டு என்ன எங்க அண்ணன விடப் பெருசா?"

அவள் தேவாரத்துக்காரி. தரையில், கிணற்றில் மோட்டார் போட்டு வளர்ந்தவள். மலைச் சட்டம் அவளுக்கு எங்கே புரியும் என்று ஊரே சிரித்தது. அவள் சொன்னதும் ஊருக்குப் புரியவில்லை. முடி கனம் வயருக்கு இவ்வளவு பெரிய குழாயில் இடமா இல்லை என்றார்கள்.

மறுநாளே வேலை தொடங்கியது. கொழுந்தனார் மேல் வாயை மடுவுக்குள் இறக்கி, கல்லை வைத்து நிறுத்தினார். வழியில் வீடு வருகிற இடத்திலெல்லாம் குழாயை அறுத்து, வாயை நெருப்பில் காட்டி இளக்கி, கிளைக்கு ஒரு ஓஸ் சொருகிப் பைப்பு மாட்டினார். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். ஒரு கையில் ஓஸ், ஒரு கையில் பைப்பு.

"வேணாம்னா சொல்லு தாயி. இந்த வீட்ட மட்டும் விட்டுப் போறேன்" என்று மருமகளிடம் கேட்டார். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

வாசலில் அவனுடைய துணி ஒரு வாளி நிறைய, தண்ணீர் இல்லாமல் கிடந்தது. ஈ மொய்த்தது. அவள் வாளியைப் பார்த்தாள். உள்ளே அவன் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "மாட்டும்" என்றேன்.

அன்றைக்கு அவள் இருந்த துணியை எல்லாம் துவைத்தாள். கட்டிலைக் கழுவினாள். அவனுக்குத் தலைக்கு ஊற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ரெண்டு செம்பு ஊத்து" என்றான். ஊற்றிக்கொண்டே அழுதாள். தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது, அவன் பார்க்கவில்லை.

எங்கள் மிச்சத் தண்ணீர் கீழே போனதைப் பார்த்து, கீழே இருக்கிற குடியிருப்புக்காரர்களும் அறுத்து மாட்டிக்கொண்டார்கள். குரங்கணியை நெருங்கும் வரைக்கும் குழாய்க்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. மருமகள் ஆபீசரிடம் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அறுத்த விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வந்து பிடுங்குவார்கள், ஊர் நாக்கு வறண்டு சாகும். மழை வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிச் சேர்த்துவிட வேண்டும் என்று கொழுந்தனாரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவரும் கோவில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்திருந்தார்.

கையெழுத்து விழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் மழைக்கு முன்னால் வயர் வந்துவிட்டது.

வைகாசியில் ஒரு காலை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பைப்பில் வந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று நின்றது. உள்ளே ஏதோ உறுமியது. அப்புறம் பைப்பு தும்மியது. சேறும் இலையும் என் முகத்தில் அடித்தது, கூடவே சட்டிக்குள் ஒரு தவளையும் விழுந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கூச்சல். அதற்கு அடுத்த வீட்டில் இன்னொன்று. ஊரில் இருந்த பைப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தும்மிக்கொண்டே போனது.

"ஏ மதினி, ஒங்க வீட்டுலயும் தும்முச்சா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனார் கத்தினார். தலை முழுக்கச் சேறு.

"தவக்கள போட்டுச்சய்யா! நீரு ஒட்டுன ஒட்டுக்குக் கறிச்சாப்பாடே வருது!" என்றேன். சிரிப்பு தாங்க முடியவில்லை. வாசல் வாசலாக நின்று எல்லாரும் சிரித்தோம்.

மருமகள் பாறையிலிருந்து இறங்கி வந்தாள். என் முகத்தையும் பைப்பையும் பார்த்தாள். அவளுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். கீழே ஒரு வண்டியில் காற்று மெஷினை வைத்து, குழாய்க்குள் காற்றடித்து வயரை ஏற்றுவதற்கு ஆட்கள் வந்திருந்தார்கள். காற்று எங்கள் சமையலறைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஆபீசர் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்து வந்தார். ஒவ்வொரு பைப்பாக நின்று பார்த்தார். எங்கள் வாசலுக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது. கொழுந்தனாருக்கு நிலைமை பிடிபடவில்லை. வேலையைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று ஒரு செம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"குடிங்க சார். நல்ல தண்ணி. ஒரு எடம் ஒழுகல பாத்தீங்கள்ல?"

ஆபீசர் செம்பை வாங்கினார். குடிக்கவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்தார்.

"யாருங்க இத அறுத்தது?"

"நாந்தான் சார். எந்த எடம்னு சொல்லுங்க, இப்பவே வெரசா சேத்து ஒட்டிர்றேன். மூணு மாசமா வெறுங்குழாயாக் கெடந்துச்சு சார். எங்க மலையில..." என்று வழக்கத்தைச் சொல்லத் தொடங்கினார். ஆபீசர் முழுதாகக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பின்னால் கொழுந்தனாரே சொன்னார்.

"ஒட்ட முடியாதுங்கய்யா. உள்ள மணலு, இலை. ஒட்டுன எடமெல்லாம் உள்பக்கம் முண்டு முண்டா இருக்கு. வயரு போனா ஒடஞ்சிரும், கண்ணாடில? முழுக்கப் புதுக்குழாய் போடணும். அதுக்கு எழுதி, மெட்ராசு போயி, மறுபடி கான்ட்ராக்ட்டு விட்டு..."

மருமகள் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். காலில் ரத்தம். "சார், எனக்கு ஆடி வரைக்குந்தான் டைமு. ஒங்ககிட்டச் சொல்லியிருக்கேன்ல?"

"சொன்னீங்கம்மா."

"கரண்டு போஸ்ட்டு மேல தொங்க விட முடியாதா?"

"அதுக்குக் கரண்டு ஆபீசுல கேக்கணும். காட்டுக்குள்ள போற போஸ்ட்டுக்குக் காட்டு இலாகாவயும் கேக்கணும். எழுதுறேன்மா."

"எழுதுனா ஆடிக்குள்ள வருமா?"

அவர் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வராதும்மா" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத ஆபீசர். அதனாலோ என்னவோ கொஞ்ச நாளில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நானும் மருமகளும் தேனிக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. மகனுக்குத் துணையாகக் கொழுந்தனாரை உட்கார வைத்துவிட்டு, ஜீப்பும் பஸ்சும் மாறிப் போனோம். அந்த ஆபீசுக்குத் தேனியில் ஒரு அறைதான். அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒங்க ஊருக்குத்தான் லைன் வந்துருச்சேம்மா!" என்று கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

மாவட்டத்துப் படம். ஊருக்கு ஒரு புள்ளி. சிலது சிவப்பு, எங்கள் புள்ளி பச்சை.

"பச்சைன்னா முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார்.

"குழாய் மட்டுந்தான் சார் வந்துச்சு. அதுவும் வீணாப்போச்சு" என்றாள் மருமகள்.

"குழாய் போட்டதும் பச்சையா மாறிரும்மா. அப்படித்தான் வச்சிருக்காங்க. பச்சையா இருக்குற ஊருக்கு மறுபடியும் குழாய் கேட்டா, ஏன்னு மேல கேப்பாங்க."

"செவப்பா மாத்த முடியாதா சார்?"

"அது மெட்ராசுலதான்மா. எங்களுக்கு அந்த உரிமை இல்ல. சும்மாச் சொல்லல, ஒங்க மலைய முடிச்சதுக்கு எங்க ஆபீசப் பாராட்டியிருக்காங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏலத்தோட்டம்ல சார், பச்சையாத்தான் தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு போகிற வரைக்கும் மருமகள் என்னோடு பேசவில்லை. பஸ்சில் உட்கார்ந்த பிறகு, "அத்தே, எல்லாத்துக்குமா சிரிக்கணும்?" என்று கேட்டாள். போடி வருகிற வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

ஆனி மாதம் மழை பிடித்தது. ஊற்று திரும்பியது. கொழுந்தனார் சத்தியத்தை மறக்கவில்லை. பைப்புகளைக் கழற்றி, குழாயை வரிசையாகச் சேர்த்து, வெளியே தடவிப் பார்த்தால் ஒட்டு தெரியாத மாதிரி வழித்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டு அவர் மட்டும் தனியாகச் செய்தார். அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை.

ஆடிக்கு முன்னால் மருமகள் எனக்குப் பாடம் எடுத்தாள். அவனைத் தனியாக எப்படிப் புரட்டுவது என்று. ஒரு சேலையை அவன் முதுகுக்கு அடியில் விட்டு, அதைப் பிடித்து இழுக்க வேண்டும். தலையணையை எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், தோல் சிவந்தால் எதைத் தடவ வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் இழுத்தேன். அவன் பாதி திரும்பி நின்றான். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

"போகாத" என்றான் அவன். அவன் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"மருந்துக்கு?" என்றாள் அவள்.

நான் சேலையை மறுபடி பிடித்தேன்.

அவள் போன அன்று மலையே ஆடுகிற மாதிரி காற்று. ஜீப்பு நிற்கிற இடம் வரைக்கும் புள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஹாஸ்டலில் புள்ளையை வைத்துக்கொள்ள விட மாட்டார்களாம். ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்ப வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சோலி முடிஞ்சதும் வந்துருத்தா" என்றேன்.

"அது எங்கத்தே முடியப்போகுது" என்றாள். ஜீப்பு கிளம்பிவிட்டது.

இப்போது தினமும் காலையில் கொழுந்தனார் எங்கள் வீட்டுக்கு வருகிறார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. அவள் போன மறுநாள் அவராகவே வந்து, துண்டைத் தோளில் இருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் தோளைப் பிடிக்கிறார், நான் இடுப்பைப் பிடிக்கிறேன். மத்தியானமும் வருவார், சாயந்திரமும் வருவார். குழாயைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. மலையில் வேறு எதைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், எங்கள் வீட்டுக்குள் வந்தால் இருமுவதோடு சரி.

பெண்டாட்டி கை பட்ட தோளில் ஒரு கிழவன் கை படும்போது மகன் கண்ணை மூடிக்கொள்கிறான். புரட்டி முடிக்கும் வரைக்கும் திறப்பதில்லை. பரோட்டாக் கதையை நான் ஒருநாள் எடுத்தேன். இரண்டு பேரில் ஒருவராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்தப் பக்கமாகத்தான் நாங்கள் அவனைத் திருப்பிவிட்டிருந்தோம்.